கமராவுக்கு முன்னால் ஒரு பதிவேடு

கேள்வி:

ஐயா, எனக்கு வயது 63. 14 வருடங்களாகச் சீனி வருத்தம் இருக்கிறது. மாதந்தோறும் அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போய் மருந்து எடுக்கிறேன். பேப்பர் வாசிக்கவோ காலி வீதியில் தூரத்தில் வரும் பஸ்ஸின் இலக்கத்தைப் பார்க்கவோ எனக்கு ஒரு சிரமமும் இல்லை. போன மாதம் ஓரிடத்தில் கண்ணைப் படம் எடுத்தார்கள். எடுத்த பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கிழமை கழித்து வந்த துண்டில், இடது கண்ணின் படம் தெளிவில்லை, கண் கிளினிக்குக்குப் போகவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. படம் தெளிவில்லை என்றால் அது கமராவின் பிழைதானே? நான் இன்னும் போகவில்லை.

லண்டனில் இருக்கும் என் தம்பிக்கும் சீனி வருத்தம்தான். அவனுக்கு வருடம் தவறாமல் கண் பரிசோதனைக்கு வரச்சொல்லி வீட்டுக்கே கடிதம் வருகிறதாம். எங்கள் கோயில் தொண்டர் சபைக்கு அப்படிப்பட்ட கமரா ஒன்றை வாங்கித்தர அவனும் நண்பர்களும் ஆயத்தமாக இருக்கிறார்கள். படம் எடுத்ததும் முடிவையும் தானே சொல்லிவிடும் கமராவும் உண்டாம். தைப்பூசத்தை ஒட்டி ஒரு நாள் இலவச முகாம் வைத்தால் 500 பேரையாவது பார்த்துவிடலாம் என்று நினைக்கிறோம். எப்படிச் செய்யவேண்டும் என்று சொல்லுங்கள்.

வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதம் முகாமைப் பற்றியதுதான். ஆனால் அதன் நடுவே ‘நான் இன்னும் போகவில்லை’ என்று மூன்று சொல்லில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். முகாமைப் பற்றி நான் சொல்ல நினைப்பதில் பாதிக்கு மேல் அதற்குள்ளேயே இருக்கிறது.

படம் தெளிவாக விழாததற்குக் கமராவோ, எடுத்தவரின் கையோ, கண் சிமிட்டியதோ காரணமாகச் சில வேளை இருக்கலாம். ஆனால் ஒரு கண்ணின் படம் சரியாக வந்து மற்றக் கண்ணின் படம் மட்டும் கலங்கி வந்தால், அந்தக் கண்ணுக்குள் ஒளி போய்த் திரும்பும் பாதையை ஏதோ மறிக்கிறது என்றே கண் வைத்தியர்களான நாங்கள் முதலில் எண்ணுவோம். உங்கள் வயதில் அது பெரும்பாலும் கற்றராக்ட் எனப்படும் கண்புரையின் தொடக்கமாக இருக்கும். நீண்டகாலம் நீரிழிவு உள்ளவர்களுக்குக் கண்மணி துளிமருந்து விட்டாலும் போதிய அளவு விரியாமல் நின்றுவிடுவதுண்டு, அதனாலும் படம் இருண்டு வரும். அரிதாக, கண்ணின் பின்புறத்தில் ஒளியை வாங்கும் படலமான விழித்திரையிலிருந்து கசிந்த இரத்தம் கண்ணின் உட்புறத்தை நிரப்பியிருக்கும் தெளிந்த கூழில் கலந்திருக்கலாம். ஆகவே ‘தெளிவில்லை’ என்ற துண்டையும் ஒரு முடிவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அறிகுறி தெரியும் முன்பே நோயைத் தேடிப் பார்க்கும் ஸ்கிரீனிங் திட்டங்கள் ஒழுங்காக நடக்கும் இடங்களில், அந்தத் துண்டைப் பெற்றவரையும் நோய் தெரிந்தவரைப் போலவே கண் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். அங்கே ஸ்லிட் லாம்ப் என்ற கருவியில் நாடியை வைத்து உட்காரச் சொல்லி, கண்ணுக்கு முன்னால் ஒரு லென்ஸைப் பிடித்து, வைத்தியர் விழித்திரையை நேரடியாகப் பார்ப்பார். கமராவுக்கு அகப்படாதது அநேகமாக அந்த முறையில் அகப்பட்டுவிடும். புரை முற்றி உள்ளே எதுவும் தெரியாவிட்டால் ஸ்கான் செய்து பார்க்க வழி இருக்கிறது.

பஸ் இலக்கம் தெரிகிறதே என்பது உங்களுடைய நியாயம். என் கிளினிக்கில் இதை ஒரு நாளைக்குப் பலமுறை கேட்கிறேன், ஆகையால் சற்று விரித்துச் சொல்கிறேன். வாசிப்பதற்கும் இலக்கம் பார்ப்பதற்கும் நமக்குப் பயன்படுவது விழித்திரையின் நடுவில் மஞ்சட்பொட்டு என்று சொல்லப்படும் மிகச் சிறிய பகுதி. அதைச் சுற்றியுள்ள பெரும் பரப்பில் நுண்ணிய இரத்த நாளங்கள் வலுவிழந்து, ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகளாகப் புடைத்து, பிறகு கசிந்து, மஞ்சள் நிறப் பொருக்குகளாகப் படிந்து, இரத்தம் போய்ச் சேராத இடங்களில் புதிய நாளங்கள் முளைக்கத் தொடங்கிய பின்னரும், மஞ்சட்பொட்டு தப்பியிருந்தால் கண் விளக்கப்படத்தின் கடைசி வரியைக்கூட ஒருவர் தடுக்கி விழாமல் வாசித்துவிடுவார். இதைத்தான் நீரிழிவு விழித்திரை நோய் என்கிறோம். வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடிதல் இல்லை. புதிதாக முளைக்கும் அந்த நாளங்கள் மிக மெல்லியவை. அவற்றில் ஒன்று வெடித்து உள்ளே இரத்தம் கொட்டும் நாளில்தான் முதல் அறிகுறி தெரியும், அன்றைக்கு எங்களுக்கு வேலை அதிகம், பலன் குறைவு. 1970களில் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு, புது நாளங்கள் முளைத்துவிட்ட கண்ணுக்கு லேசர் சிகிச்சை செய்தால் கடுமையான பார்வை இழப்பு பாதிக்குமேல் குறைகிறது என்று காட்டியது. ஆனால் லேசர் இருக்கிற பார்வையைக் காக்குமே தவிரப் போன பார்வையைக் கொண்டுவராது.

இந்த இடத்தில் ஒரு தப்பெண்ணத்தையும் தீர்த்துவிடுகிறேன். கண்தானத்துக்கு உலகில் பெயர்பெற்ற நாடு நம்முடையது. 1961 இல் தொடங்கிய இலங்கைக் கண்தான சங்கம் எத்தனையோ நாடுகளுக்குக் கண்களை அனுப்பியிருக்கிறது. அதனாலோ என்னவோ, “பழுதானால் வேறு கண் வைக்கலாம்தானே, டொக்டர்?” என்று கேட்பவர்கள் இங்கே குறைவில்லை. தானமாகப் பெற்றுப் பொருத்துவது கண்ணின் முன்புறத்திலுள்ள தெளிந்த படலத்தை மட்டும். பின்புறத்திலுள்ள விழித்திரையை எவரிடமிருந்தும் எடுத்து எவருக்கும் வைக்க முடியாது.

படம் எடுத்த பிள்ளை ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்பதற்கு வருகிறேன். அவர் சொல்லாதது சரி. படம் எடுப்பது ஒரு வேலை, படத்தைத் தரம் பிரிப்பது வேறொரு வேலை. முதலில் கண்ணாடி போட்டபடி ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே எழுத்து வாசிக்கவைத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். துளிமருந்து விட்ட பிறகு இதைச் செய்தால் அளவு பிழைத்துவிடும். பின்பு துளிமருந்து விடுவார்கள், சில வினாடி எரியும். இருபது நிமிடம் போனால் கண்மணி விரியும். அதன்பின் இருட்டாக்கிய அறையில், நாடியையும் நெற்றியையும் கருவியில் பதித்து, உள்ளே தெரியும் சிறு வெளிச்சப்புள்ளியைப் பார்த்தபடி இருக்க, ஒரு மின்னல். மஞ்சட்பொட்டு நடுவில் வரும்படி ஒன்று, பார்வை நரம்பு தொடங்கும் வட்டம் நடுவில் வரும்படி ஒன்று என, ஒரு கண்ணுக்கு இரண்டு படம் எடுப்பது இங்கிலாந்தில் உள்ள முறை. திரையில் விழும் படம் செவ்விளநீரின் நிறத்தில் இருக்கும், அதன் ஓரமாகப் பழைய செப்புக்காசு போல ஒரு வெளிறிய வட்டம் தெரியும், அதிலிருந்து நாளங்கள் கிளை கிளையாகப் பிரிந்து போகும். அந்தப் பரப்பில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கிறதா, இருந்தால் அது மஞ்சட்பொட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பார்த்து, நோய் இல்லை, தொடக்கநிலை, முற்றும் நிலை, புது நாளங்கள் முளைத்த நிலை என்று தரம் பிரிப்பவர் தனியாகப் பயிற்சி பெற்றவர். மஞ்சட்பொட்டுப் பாதிக்கப்பட்டிருக்கிறதா என்பதை அவர் வேறாகக் குறிப்பார். படம் எடுத்தவர் அரைகுறையாக “ஒன்றுமில்லை, அங்கிள்” என்று சொல்லி அனுப்பியிருந்தால்தான் நான் கோபப்பட்டிருப்பேன்.

இனி உங்கள் தம்பியின் கடிதம். அவருக்குக் கிடைத்திருப்பது நல்ல கமரா என்று நீங்கள் நினைக்கிறீர்கள். கமரா இங்கேயும் இருக்கிறது, சில தனியார் வைத்தியசாலைகளில் லண்டனில் உள்ளதைவிடப் புதியதும் இருக்கும். அவருக்குக் கிடைத்திருப்பது ஒரு பட்டியல். இங்கிலாந்தின் தேசியத் திட்டம் 2003 இல் தொடங்கி 2008 அளவில் நாடு முழுவதும் பரவியது. 12 வயதும் அதற்கு மேலும் உள்ள நீரிழிவுக்காரர் ஒவ்வொருவரின் பெயரும் குடும்ப வைத்தியரின் பதிவிலிருந்து அந்தத் திட்டத்தின் பட்டியலுக்குப் போய்விடுகிறது. உங்கள் தம்பி விண்ணப்பம் எதுவும் போடவில்லை, யாரிடமும் போய் நிற்கவில்லை. அவர் வராவிட்டால் மறுபடி அழைப்பு போகும். படங்களை ஒருவர் தரம் பிரித்து, நோய் தெரிந்தவை அத்தனையையும் இரண்டாமவர் திரும்பப் பார்ப்பார், நோயில்லை என்று ஒதுக்கியவற்றிலும் பத்தில் ஒன்றையாவது எடுத்துச் சரிபார்ப்பார், இருவரும் ஒத்துவராவிட்டால் மூன்றாமவர் தீர்ப்பார். மூன்று கிழமைக்குள் முடிவு வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். இவற்றுக்கெல்லாம் மேலாக, கண் வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டவர் உண்மையிலேயே போனாரா, போகாவிட்டால் ஏன் போகவில்லை என்று ஒவ்வொரு பெயராகத் துரத்திப் பிடிப்பதற்கென்றே ஆட்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த நாட்டில் உழைக்கும் வயதினரின் பார்வை இழப்புக்குச் சுமார் ஐம்பது வருடமாக முதற்காரணமாக இருந்த நீரிழிவு விழித்திரை நோய், இப்போது அந்த இடத்தில் இல்லை என்று 2014 இல் வெளியான ஆய்வு சொன்னது. அந்த ஆய்வை எழுதியவர்கள் அதற்கு ஒரு காரணமாகச் சுட்டியது இந்தத் திட்டத்தைத்தான்.

இடையில் ஒரு செய்தி. 2023 ஒக்டோபரிலிருந்து அங்கே, அடுத்தடுத்து இரண்டு முறை நோயில்லை என்று வந்தவர்களை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அழைக்கும் முறைக்கு மாறத் தொடங்கினார்கள். தம்பிக்கு ஒரு வருடம் கடிதம் வராவிட்டால் மறந்துவிட்டார்கள் என்று பதற வேண்டியதில்லை. இன்னும் வருடந்தோறும் வந்துகொண்டே இருந்தால், பழைய முடிவுக் கடிதங்களை ஒருமுறை எடுத்து நிதானமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

இங்கே அப்படி வீட்டுக்குக் கடிதம் அனுப்பும் முறை இல்லை. நம்மிடம் இருப்பது கிளினிக் கொப்பி. வைத்தியர் அதில் ‘கண் பரிசோதனை’ என்று ஒரு வரி எழுதுவார். அந்த வரியைக் கண் கிளினிக்குக்குக் கொண்டுபோவதும், அங்கே எழுதிய மறுமொழியை அடுத்த மாதம் திரும்பக் கொண்டுவருவதும் நோயாளியின் பொறுப்பு. அதாவது தபால்காரரும் அவர்தான், தபாலும் அவர்தான். கொட்டாஞ்சேனையில் மூட்டை தூக்கும் ஒருவருக்கு மருந்து எடுக்க மாதத்தில் ஒரு நாள் கூலி போகிறது, கண்ணுக்கென்று இன்னொரு நாள் கூலியை அவர் விடுவாரா? கண்ணும் நன்றாகத் தெரிகிறது. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று ஒரு வருடம் போய்விடும். நீங்கள் ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தராகவோ ஆசிரியராகவோ இருக்கக்கூடும், உங்கள் கடிதத்தின் கையெழுத்து அப்படிச் சொல்கிறது. கூலி போகிற கவலை இல்லாத நீங்களே இன்னும் போகவில்லை.

ஆனால் இதே முறையில் லண்டனில் இல்லாத ஒரு வசதியும் ஒளிந்திருக்கிறது. நம் நோயாளர்கள் மாதந்தோறும் வருகிறார்கள். களுபோவிலையிலோ தேசிய வைத்தியசாலையிலோ நீரிழிவுக் கிளினிக் நடக்கும் காலைவேளையில் போய்ப் பாருங்கள், அழைப்புக் கடிதம் இல்லாமலே அத்தனை பேரும் ஒரே வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், நம்பர் கூப்பிடும்வரை இரண்டு மூன்று மணித்தியாலம் அவர்களுக்கு வேறு வேலையும் இல்லை. துளிமருந்து விட்டு இருபது நிமிடம் காத்திருக்க அதைவிட நல்ல நேரம் எது? கமரா போகவேண்டிய இடம் அந்த வாங்குக்குப் பக்கத்து அறை என்பது என் நெடுநாள் அபிப்பிராயம். மேல் மாகாணத்தில், மருத்துவக் கிளினிக் ஒன்றிலேயே கைக்கமராவால் படம் எடுத்து, கண் வைத்தியர் அல்லாத வைத்தியர்களுக்குத் தரம் பிரிக்கப் பயிற்சி கொடுத்து, அது சரிவருமா என்று சோதித்துப் பார்த்த ஆய்வும் நடந்திருக்கிறது. சரிவரும் என்றே அது காட்டியது.

கோயில் மண்டபத்தில் ஒரு நாள் முகாம் என்பதில் எனக்கு ஏன் தயக்கம் என்று சொல்லவேண்டும். பல வருடங்களுக்கு முன் கொழும்பில் ஒரு மண்டபத்தில் நடந்த அப்படியான முகாமில் நானும் வேலை செய்தேன். பதாகை, குத்துவிளக்கு, வரவேற்புரை எல்லாம் இருந்தது. ஒரு சனிக்கிழமை எடுத்த படங்களை அடுத்த கிழமை இரவுகளில் உட்கார்ந்து நானே தரம் பிரித்து, முடிவுத் துண்டுகளை எழுதி, ஒரு பெரிய உறையில் போட்டு அமைப்பாளர்களிடம் கொடுத்துவிட்டு, கடமை முடிந்த திருப்தியோடு இருந்தேன். எட்டு ஒன்பது மாதம் கழித்துத் தையல் வேலை செய்யும் ஓர் அம்மா என் கிளினிக்குக்கு வந்தார். வலக்கண்ணுக்குள் கறுப்பு நூலாம்படை தொங்குவதுபோல இருக்கிறது, ஊசிக்கு நூல் கோக்க முடியவில்லை என்றார். உள்ளே இரத்தக்கசிவு. பழைய பேப்பர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டபோது, கைப்பையின் சின்ன அறையிலிருந்து, அடகுக்கடைத் துண்டோடு சேர்த்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். பிரித்துப் பார்த்தால் என் எழுத்து. ‘அவசரம், கண் வைத்தியசாலைக்கு அனுப்பவும்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். அவர் அதைப் படம் எடுத்ததற்கான ரசீது என்று நினைத்துப் பத்திரமாக வைத்திருந்தார். சத்திரசிகிச்சை செய்தோம், ஓரளவு பார்வை திரும்பியது, பழைய தையல் திரும்பவில்லை. அமைப்பாளர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்த உறை எங்கே போகிறது, யார் யார் கையில் சேர்கிறது என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

உங்கள் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம். ஒரு கமராவில் ஒருவருக்கு எட்டு நிமிடம் என்று மிகவும் இறுக்கிப் பிடித்தாலும் 500 பேருக்கு 66 மணித்தியாலத்துக்கு மேல் போகும். ஒரு நாளில் 50, 60 பேரைத்தான் உருப்படியாகப் பார்க்கலாம். அது ஒருபுறம் இருக்கட்டும். பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2012 இல் வெளியான ஒரு கணிப்பின்படி, நீரிழிவு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு விழித்திரையில் ஏதாவது மாற்றம் இருக்கும், பத்தில் ஒருவருக்குப் பார்வையையே பறிக்கக்கூடிய கட்டம் இருக்கும். உங்கள் 500 பேரில் அப்படி 50 பேர். அவர்களோடு உங்களைப்போலப் படம் தெளியாதவர்களும் சேர்வார்கள். இவர்களுக்கு வேண்டியது லேசர், அல்லது கண்ணுக்குள் போடும் ஊசி. ஊசி ஒன்றோடு முடியாது, தொடக்கத்தில் மாதம் ஒன்றாகப் பல மாதம் போடவேண்டி வரும். தைப்பூசம் முடிந்த திங்கட்கிழமை காலையில் இத்தனை பேரும் எந்தக் கிளினிக்கின் வாசலில் நிற்பார்கள், அங்குள்ள வைத்திய நிபுணருக்கு இது முன்கூட்டியே தெரியுமா, அவர் சம்மதித்திருக்கிறாரா? இதற்கு மறுமொழி கையில் இல்லாமல் ஒரு கண்ணிலும் துளிமருந்து விடக்கூடாது. நோய் இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சிகிச்சைக்கு வழி காட்டாமல் விடுவது, சொல்லாமல் விடுவதைவிட மோசம் என்பேன்.

தானே முடிவு சொல்லும் கமராவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது கதையல்ல. 2018 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், வைத்தியர் பார்க்காமலே நீரிழிவு விழித்திரை நோயைக் கண்டறியும் ஒரு செயற்கை நுண்ணறிவு முறைக்கு முதன்முறையாக அனுமதி கொடுத்தது. பிறகு வேறு பலவும் வந்துவிட்டன. எனக்கு அவற்றின் மீது பகை இல்லை, தரம் பிரிக்க ஆள் குறைவான நம் போன்ற நாட்டுக்கு அவை நாளைக்குப் பெரிய துணையாகலாம். ஆனால் தாய்லாந்தின் கிளினிக்குகளில் அப்படி ஒரு முறையைப் பாவித்துப் பார்த்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு படங்களைத் தெளிவு போதாது என்று அது தள்ளிவிட்டதாக 2020 இல் எழுதினார்கள். பல இடங்களில் அறையைப் போதிய அளவு இருட்டாக்க முடியாததும் அதற்கு ஒரு காரணம். நாலு பக்கமும் திறந்த கோயில் மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். மேலும், வைத்தியக் கருவி எதையும் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் இறக்குவிக்க முடியாது, அன்பளிப்பாக வந்தாலும் அதே சட்டம்தான். எடுத்த படங்களும் பெயர்களும் தொலைபேசி இலக்கங்களும் ஒருவரின் தனிப்பட்ட தரவு என்பதால், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனதில் வைக்கவேண்டும். முகாமில் எடுத்த விழித்திரைப் படங்களைச் சபையின் வட்ஸ்அப் குழுவில் போட்ட கதையெல்லாம் எனக்குத் தெரியும்.

எனவே தம்பிக்கு இப்படி எழுதுங்கள்: கமராவுக்குச் சேர்த்த பணத்தில் முதலில் ஒருவருக்கு ஒரு வருடச் சம்பளம் வேண்டும். அவர் வைத்தியராகவோ தாதியாகவோ இருக்கவேண்டியதில்லை. தமிழும் சிங்களமும் பேசத் தெரிந்த, பொறுமையான, கணக்குத் தவறாத ஒருவர் போதும். பெரிய கோடுபோட்ட பதிவேடு ஒன்று, தொலைபேசி ஒன்று, பூட்டுள்ள அலுமாரி ஒன்று. உங்கள் கோயிலுக்கு வரும் நீரிழிவுக்காரர்களில் இருநூறு பேரின் பெயரை அவர் பதியட்டும்: எந்த வைத்தியசாலைக் கிளினிக், எந்தக் கிழமை, எத்தனை வருட நோய், கடைசியாகத் துளிமருந்து விட்டுக் கண் பார்த்த திகதி. அந்தக் கடைசிக் கட்டம் எத்தனை பேருக்கு வெறுமையாக இருக்கிறது என்று பார்த்தவுடன் உங்கள் வேலை என்னவென்று உங்களுக்கே தெரிந்துவிடும். கண்ணாடிக் கடையில் பார்த்தேன் என்பவர்களை அந்தக் கட்டத்தில் எழுதவேண்டாம். அங்கே பார்ப்பது கண்ணாடியின் பவர், அநேகமாக விழித்திரையை அல்ல.

பிறகு, கண் கிளினிக் ஒன்றின் வைத்திய நிபுணரை உங்கள் சபையிலிருந்து இரண்டு பேர் போய்ச் சந்தித்து, கிழமைக்கு எத்தனை பேரை அனுப்பினால் அவரால் பார்க்கமுடியும் என்று கேளுங்கள். ஐந்து என்றால் ஐந்து. அந்த எண்ணுக்குள் நின்றுகொண்டு வருடம் முழுவதும் அனுப்புங்கள். போவதற்கு முதல்நாள் மாலையில் உங்கள் ஆள் தொலைபேசியில் நினைவூட்டவேண்டும், தனியே போக முடியாதவரோடு தொண்டர் ஒருவர் போகவேண்டும், போய்வந்த பிறகு என்ன சொன்னார்கள் என்று கேட்டு, அடுத்த திகதியைப் பதிவேட்டில் எழுதவேண்டும். முடிவு எந்த மொழியில் வந்தாலும் தமிழில் ஒரு துண்டு எழுதி, வாசித்தும் காட்டி, கிளினிக் கொப்பியின் உள்ளட்டையில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை மருந்து எழுதும் வைத்தியரின் கண்ணிலும் அது படும். இவ்வளவும் ஒரு வருடம் தளராமல் ஓடினால், எந்த வைத்தியசாலைக்கு எந்தக் கமராவை அன்பளிப்பாகக் கொடுப்பது என்று அப்போது பேசலாம். அப்போது உங்கள் பதிவேட்டைப் பார்த்தே அவர்கள் கதவைத் திறப்பார்கள்.

அப்படியும் தைப்பூசத்தன்று ஏதாவது செய்தே தீருவோம் என்று சபையில் இளைஞர்கள் நிற்பார்கள், அதுவும் நியாயம்தான். அன்றைக்குப் பெயர் பதியுங்கள். யார் யாருக்கு முதலில் என்பதை மட்டும் தெரிந்துவைத்திருங்கள்: பெரியவர்களுக்கு வரும் சீனி வருத்தத்தில் நோய் தெரிந்த அன்றே கண்ணைப் பார்க்கவேண்டும், ஏனென்றால் அது தெரியவரும் முன்பே சில வருடம் உடம்பில் இருந்திருக்கும். சின்ன வயதில் தொடங்கி இன்சுலினில் இருப்பவர்களுக்கு ஐந்து வருடத்துக்குள் தொடங்கினால் போதும். ஏற்கெனவே சீனி உள்ள பெண் கர்ப்பமானால் தொடக்க மாதங்களிலேயே பார்க்கவேண்டும், பிறகும் இடையிடையே பார்க்கவேண்டும். நெடுநாள் கட்டுப்பாடின்றி இருந்துவிட்டுத் திடீரென்று இன்சுலினோ புதுவகை ஊசியோ தொடங்கிச் சீனியை வேகமாகக் குறைக்கப் போகிறவர்கள், தொடங்கும் முன் கண்ணைக் காட்டுவது நல்லது. சீனி குறைவது கண்ணுக்கு நன்மைதான், ஆனால் வேகமாகக் குறையும் முதல் மாதங்களில் விழித்திரை சற்று மோசமாவதுண்டு. பிரஷரும் சீனியும் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் எங்கள் லேசரும் ஊசியும் ஓட்டைக் குடத்தில் வார்த்த தண்ணீர்தான் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். இந்தக் கிழமைக்குள் அந்தத் துண்டையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு கண் கிளினிக்குக்குப் போங்கள். இரத்தப் பரிசோதனைக்குப் போவதுபோல வெறும் வயிற்றோடு போகவேண்டாம். அப்படி வந்து, வாங்கில் உட்கார்ந்தபடியே வியர்த்து மயங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். காலைச் சாப்பாட்டையும் மருந்தையும் வழக்கம்போல எடுத்து, பையில் இரண்டு மாரி பிஸ்கட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது போடும் கண்ணாடியையும் கொண்டுபோங்கள். துளிமருந்து விட்ட பிறகு நாலு முதல் ஆறு மணித்தியாலம்வரை கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும், ஆகையால் மோட்டார் சைக்கிளில் போகாமல், யாரையாவது கூட்டிக்கொண்டு ஓட்டோவில் போய் வாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகு கண் சிவந்து, கடுமையாக வலித்து, வாந்தியும் வந்தால், அது மிக அரிது என்றாலும், அன்றிரவே திரும்பிப் போகவேண்டும். என்ன எழுதினார்கள் என்பதையும் அடுத்த திகதியையும் கேட்டுக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் சபை பதிவேடு திறக்கும்போது முதல் வரியில் எழுதுவதற்கு அது உதவும்.